நோட்டில் இல்லாத தேதி

யார் எதைக் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது "எதுக்கு?" என்ற வார்த்தைதான். மணி என்ன என்று கேட்டாலும் சரி, சாப்பிட்டாச்சா என்று கேட்டாலும் சரி. இதனால் தெருவில் எனக்கு 'எதுக்கு' என்றே பட்டப்பெயர். "எதுக்கு கடையில போய் இந்தச் சாவிக்கு ஒரு டூப்ளிகேட் போட்டு வாங்கிட்டு வா" என்று என் காதுபடவே சொல்லி ஆள் அனுப்புவார்கள். நான் கோபித்துக்கொள்வதில்லை. சொந்தப் பெயரைவிடப் பட்டப்பெயர் பத்திரம். அதை வைத்துக்கொண்டு யாரும் என் பெயரில் எதையும் செய்ய முடியாது.

பூட்டு ரிப்பேரும் சாவி போடுவதும் என் தொழில். முப்பது வருடமாக இதே வேலை. இந்த வேலையில் இருப்பவனுக்கு உலகத்தின் மேல் நம்பிக்கை வருவது கஷ்டம். பூட்டிவிட்டோம் என்று நீங்கள் நிம்மதியாகப் போகிற கதவு எத்தனை நொடியில் திறக்கும் என்பது எனக்குத் தெரியும். அலமாரிப் பூட்டு வாங்க வருகிறவர்களிடம் தொண்டை கிழியச் சொல்வேன்: "அந்தக் கம்பெனி பூட்டு வேண்டாங்க. மொத்தமே அறுபது தினுசு சாவிதான் போடறான். பக்கத்து வீட்டுச் சாவியே உங்க அலமாரியைத் திறந்துடும்." கேட்பார்கள், தலையை ஆட்டுவார்கள், விலை குறைவு என்று அதையே வாங்கிக்கொண்டு போவார்கள்.

என் விவரங்களை யாருக்கும் நான் உள்ளபடி கொடுப்பதில்லை. செல்போன் கடையில் பிறந்த தேதி கேட்டார்கள், மார்ச் நான்கு என்றேன். மருந்துக்கடைத் தள்ளுபடி அட்டைக்கு ஜூலை பத்து. செருப்புக்கடைக்கு அக்டோபர் இருபத்திரண்டு. செருப்புக்கும் பிறந்த தேதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு அந்தக் கடைப் பெண் சிரித்தாள், அவ்வளவுதான். யாருக்கு, என்றைக்கு, என்ன பொய் என்று எல்லாவற்றையும் ஒரு நீல அட்டை நோட்டில் குறித்து வைப்பேன். வருடத்துக்கு ஒன்பது முறை பிறக்கிறேன். ஒன்பது முறையும் எனக்கு வாழ்த்து வரும்.

நோட்டு வீண் போகவில்லை. ஒரு ஜூலை பத்தாம் தேதி, எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து பிறந்தநாள் வாழ்த்து வந்தது. நோட்டைப் புரட்டினேன், மருந்துக்கடைக்காரர் மாட்டிக்கொண்டார். நேரே போய் நாலு பேர் முன்னால் கேட்டேன். மனுஷன் திருதிருவென்று விழித்தார். அன்றிலிருந்து தலைவலி மாத்திரைக்கு ஒரு கிலோமீட்டர் நடக்கிறேன். சில நாள் போகிற வழியிலேயே தலைவலி போய்விடும்.

கல்யாணம் ஆகவில்லையா என்று கேட்பீர்கள். மூன்று இடம் பார்த்தார்கள். நான் விசாரித்தேன். விசாரித்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் மூன்று பெண்களுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது.

இப்படிப்பட்ட நான் வங்கியில் கணக்கு தொடங்கப் போனேன் என்றால் வேறு வழியில்லாமல்தான். என் கடை ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. மாதக் கடைசியில் கட்டடத்தை இடிக்கிறார்கள். அதே சமயத்தில் புதிதாகத் திறந்த ஒரு ஆஸ்பத்திரியில் முன்னூற்றுப் பன்னிரண்டு கதவுகளின் பூட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை வந்தது. உட்கார்ந்து வேலை செய்யக் கீழ்த்தளத்தில் ஒரு அறையும் தருவதாகச் சொன்னார்கள். அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் அங்கிருந்த மேனேஜர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"கையில ரொக்கமெல்லாம் குடுக்கறதில்ல. எங்க பேங்க்ல உங்களுக்கு ஒரு கணக்கு வேணும். வெள்ளிக்கிழமை சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள கணக்கு நம்பர் வந்துடணும்."

"எதுக்கு?"

"ரூல். வரலைன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவோம்."

அறை கிடைக்காவிட்டால் நாற்பத்தொன்பது வயதில் சாவிக் கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகக் கூவ வேண்டியதுதான். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வங்கி வாசலில் நின்றேன்.

ஷட்டர் பூட்டைப் பார்த்தேன், பரவாயில்லை. உள்ளே மூன்றாம் கவுன்ட்டரில் புதுக் கணக்குகளைப் பார்ப்பவர் முப்பது வயதிருக்கும் ஒரு பெண் அதிகாரி. பேனாவை நூலால் மேஜையோடு கட்டி வைத்திருந்தார். நூல் விண்ணப்பத்தின் கடைசிக் கோடு வரைக்கும்தான் எட்டியது, அதற்கு மேல் ஒரு அங்குலம் போகவில்லை. யாரோ அளந்து கட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெண்ணின் மேல் சட்டென்று மரியாதை வந்துவிட்டது.

விண்ணப்பம் நாலு பக்கம் இருந்தது. முதல் பக்கத்தைப் பார்த்தேன். பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், வீடு, பழைய வீடு, வேலை என்று ஒரு மனிதனைத் தோலுரித்துத் தொங்கவிட என்னென்ன வேண்டுமோ அத்தனையும் கேட்டிருந்தார்கள்.

"அம்மா பேர் எதுக்கும்மா?"

"எழுதணும் சார்."

"அவங்க போய் ஒன்பது வருஷமாச்சு. அவங்க பேரை வெச்சு என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டோம் சார். நீங்க நீங்கதானான்னு பாக்கறதுக்கு."

"நான் நானில்லாம வேற யாரு?"

"அதைத்தான் சார் பாக்கணும்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

பல்லைக் கடித்துக்கொண்டு முதல் மூன்று பக்கத்தையும் உள்ளபடி எழுதினேன். அடையாள அட்டை இருக்கும்போது பொய் எழுத முடியாதே. அவர் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார், விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார், விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். பிறகு கம்ப்யூட்டரில் தட்டினார். பாதியில் கை நின்றது. அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"சார், இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?"

"எதுக்கு?"

"சொல்லுங்க சார்."

"இந்த வாசப்படியை மிதிச்சதே இல்ல."

"உங்க பேரு, அப்பா பேரு, அம்மா பேரு, வீட்டு விலாசம் எல்லாம் எங்ககிட்ட ஏற்கனவே இருக்கு."

முப்பது வருடமாக எது நடக்கக்கூடாது என்று கட்டிக் காத்தேனோ அது நடந்துவிட்டது. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

"யாரு குடுத்தது?"

"சொல்ல முடியாது சார்."

"என் விவரம்மா!"

"உங்க விவரம்தான். ஆனா அது இருக்கறது இன்னொருத்தர் ஃபைல்ல. அதை நான் உங்களுக்குச் சொன்னா, நாளைக்கு உங்களோடதை இன்னொருத்தருக்குச் சொல்ல மாட்டேன்னு என்ன நிச்சயம்?"

என் வாயாலேயே எத்தனை பேரிடம் சொன்ன வார்த்தை அது.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது மட்டும் இல்ல சார். மத்ததெல்லாம் ஒண்ணா இருக்கு, பிறந்த தேதி மட்டும் வேறயா இருக்கு. ஒரே ஆளுக்கு ரெண்டு தேதி. இந்த அட்டை உங்களோடதுதானா?"

என்னைச் சந்தேகப்பட்டார். என்னை! ஊரையே சந்தேகப்பட்டவன் நான். பதிலுக்கு ஒருவர் என்னை அப்படிப் பார்த்தபோது உடம்பு கூசியது. மருந்துக்கடைக்காரர் விழித்தது போல நானும் திருதிருவென்று விழித்திருப்பேன். அந்த விழிப்பே அவருடைய சந்தேகத்தைக் கூட்டியது என்பது நன்றாகத் தெரிந்தது.

"அந்த இன்னொரு தேதி என்னன்னு நீங்க சொல்லுங்க" என்றார். "பொருந்தினா, ரெண்டும் நீங்கதான்னு எடுத்துக்கலாம். மூணு தடவை சொல்லலாம். மூணும் தப்புன்னா, விண்ணப்பத்துல சந்தேகம்னு முத்திரை குத்தி மேல அனுப்பிடணும். அப்புறம் எந்தக் கிளைக்குப் போனாலும் ஆறு மாசத்துக்குக் கணக்கு தொடங்க முடியாது."

நாளை மாலை ஐந்து மணிக்குக் கெடு. இவர் ஆறு மாதம் என்கிறார்.

பையிலிருந்து நீல நோட்டை எடுத்தேன். என் பொய் ஒன்று எங்கிருந்தோ கசிந்து இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது, எந்தப் பொய் என்று கண்டுபிடித்தால் எவன் கொடுத்தான் என்பதும் தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். என் வீட்டு விலாசம் தெரிந்தவன் செல்போன் கடைக்காரன்.

"மார்ச் நாலு."

"இல்ல."

அவர் கண் நோட்டின் மேல் போனது. நான் அதை என் பக்கம் சாய்த்துக்கொண்டேன். "என்ன சார் அது?" என்றார். "எதுக்கு?" என்று சொல்ல வந்து விழுங்கினேன். அம்மாவின் பெயர் தெரிந்தவர் யார்? அம்மாவுக்கு மருந்து வாங்கிய கடை.

"ஜூலை பத்து."

"இல்ல சார். இன்னும் ஒண்ணுதான்."

அவர் முத்திரைப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். மிரட்டுவதற்காக வைக்கவில்லை, வேலைக்குத் தேவை என்று வைத்தார். அதுதான் அதிகம் பயமாக இருந்தது. நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். செருப்புக்கடைக்கு என் அம்மா பெயர் தெரியாது. துணிக்கடைக்கு வீடு தெரியாது. கேபிள்காரனுக்கு எல்லாம் தெரியும், ஆனால் அவனுக்கு அப்பா பெயரையே மாற்றிச் சொல்லியிருந்தேன். ஒன்பது தேதியும் முடிந்துவிட்டது. ஒன்றும் பொருந்தவில்லை.

நோட்டில் இல்லாத தேதி ஒன்றே ஒன்றுதான். அது பொய் இல்லை என்பதால் நோட்டில் ஏறவில்லை.

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயது பத்தவில்லை என்று அப்பா ஏதோ ஒரு தேதியைச் சொல்லிச் சேர்த்துவிட்டார். பொய்த் தேதி சொல்லும் வழக்கத்தை எங்கள் வீட்டில் தொடங்கி வைத்தவர் அவர்தான். அட்டையில் இருப்பது அந்தத் தேதி. நான் உண்மையில் பிறந்த நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அன்று காலையில் அம்மா அடுப்பில் வைத்த வெந்நீர் முழுவதையும் எனக்கே ஊற்றுவாள், "இன்னைக்குத்தான்டா நீ பொறந்தே" என்பாள். வீட்டில் ஒரே ஒரு அண்டா. தம்பி பச்சைத்தண்ணீரில் குளித்துவிட்டுப் பல் தந்தியடிக்க என்னை முறைத்துக்கொண்டு நிற்பான். அப்பா போய்விட்டார், அம்மா போய்விட்டாள். அந்தத் தேதி தெரிந்த ஆள் உயிரோடு இன்னும் ஒருவன்தான்.

அதிகாரியின் பக்கம் குனிந்து, அடுத்த நாற்காலியில் இருந்தவருக்குக் கேட்காதபடி தேதியைச் சொன்னேன். அதை உங்களிடமும் சொல்லப் போவதில்லை.

அவர் திரையைப் பார்த்தார். "பொருந்துது" என்றார்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. திருடன்! என் பெயரை வைத்து எதில் மாட்டிவிட்டிருக்கிறான்? எதற்கு என்னை ஜாமீன் போட்டிருக்கிறான்? அம்மாவின் சங்கிலி போதாதென்று இதுவுமா?

ஒன்பது வருடத்துக்கு முன் அம்மா இறந்த மாதம், அவளுடைய அலமாரியைத் திறந்தபோது சங்கிலி இல்லை. தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவனுக்கு வரப்போகிறவளுக்கு என்று அம்மா சொல்லி வைத்திருந்த சங்கிலி. பூட்டை நான் சோதித்தேன். உள்ளே ஒரு கீறல் இல்லை. கம்பி விட்டுத் திறந்தால் கீறல் விழும். ஆகவே சாவி போட்டுத்தான் திறந்திருக்கிறார்கள். சாவி இரண்டுதான், ஒன்று என்னிடம், ஒன்று அவனிடம். நான் எடுக்கவில்லை. இதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது? பெண்ணின் அப்பா கடைக்கு வந்து "தம்பி எப்படிங்க?" என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். கல்யாணம் நின்றது. தம்பி ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனான். லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறான் என்று யாரோ சொல்லக் கேள்வி. அதற்குப் பிறகு நாங்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் முழித்ததில்லை.

"பொருந்தினா மட்டும் போதாது சார்" என்றார் அதிகாரி. "ரெண்டு தேதியை சிஸ்டம் ஏத்துக்காது. அந்த ஃபைல்ல இருக்கறதை அட்டையில இருக்கறபடி திருத்தணும். ஃபைலுக்குச் சொந்தக்காரர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"எப்போ வருவான்?"

வாய் தவறி 'வருவான்' என்றுவிட்டேன். அவர் அதைக் கவனித்தும் கவனிக்காதவர் போல டெலிபோனை எடுத்தார். நம்பர் தெரியாதபடி மறு கையால் மறைத்துக்கொண்டு எண்களை அழுத்தினார். மெதுவாக இரண்டு நிமிடம் பேசினார்.

"சொல்லிட்டேன். வர்றதும் வராததும் அவர் இஷ்டம்."

கடைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அடித்தட்டில் இருந்த தகர டப்பாவைத் திறந்தேன். அம்மாவின் அலமாரிப் பூட்டைக் கழற்றி அதில்தான் வைத்திருந்தேன், சாட்சியாக. ஒன்பது வருடமாக மாதத்துக்கு ஒரு முறையாவது லென்ஸை வைத்துக்கொண்டு பார்ப்பேன். அன்றும் பார்த்தேன், கீறல் இல்லை. அதைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டேன். வருகிறவன் என் பெயரை எதற்கு எழுதினான் என்று கேட்பேன். மழுப்பினால் பூட்டைத் தூக்கி எல்லோர் முன்னாலும் மேஜைமேல் வைப்பேன்.

வராமலும் போகலாம். அவன் ஏன் வர வேண்டும்? அவனிடத்தில் நான் இருந்தால் வருவேனா? வரவே மாட்டேன். அன்று வந்த வாடிக்கையாளர் ஒருவருக்கு இரண்டு சாவியைத் தப்பாக அராவிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கே வங்கி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணி ஆனது. நாலும் ஆனது. மூன்றாம் கவுன்ட்டர் அதிகாரி ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன். நாலு இருபதுக்குக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவன் வந்தான். சாம்பல் நிற யூனிஃபாரம், நகக்கண்ணெல்லாம் கிரீஸ். முன்முடி நரைத்திருந்தது. நாற்பத்துமூன்று வயதுக்கு அது அதிகம் என்று நினைத்தேன். என்னைப் பார்த்தான். நேரே போய் டோக்கன் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றான். நான் பையை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

அவன் முறை வந்ததும் அதிகாரி என்னையும் கூப்பிட்டார். அவனிடம் அட்டை கேட்டார், கொடுத்தான். வீடு கேட்டார், சொன்னான். பழைய வீடு, அம்மா பெயர், எல்லாம் கேட்டார், எல்லாம் சொன்னான். ஒரு முறைகூட எதுக்கு என்று கேட்கவில்லை.

"இதுல இவர் சம்பந்தப்பட்ட பக்கத்தை இவருக்குக் காட்டலாமா? உங்க அனுமதி வேணும்."

"காட்டுங்க மேடம். மறைக்க என்ன இருக்கு."

அதிகாரி தாளை என் பக்கம் திருப்பினார். ஜாமீன் தாள் என்று நினைத்துத்தான் பார்த்தேன். மேலே 'நாமினி' என்று இருந்தது. கணக்குக்குச் சொந்தக்காரர் இறந்துபோனால், கணக்கில் உள்ளதெல்லாம் யாரிடம் போக வேண்டும் என்று எழுதும் பக்கம். அவனுடைய சாய்ந்த கையெழுத்தில் என் பெயர். உறவு: அண்ணன். பிறந்த தேதி: வெந்நீர் எனக்கு மட்டும் கிடைத்த அந்த நாள்.

கீழே கையெழுத்துப் போட்ட தேதியையும் பார்த்தேன். என்னால் பார்க்காமல் இருக்க முடியுமா? நீல நோட்டை எடுத்துப் புரட்டினேன். அந்த நோட்டில் பொய் அல்லாத வரி ஒன்று உண்டு: 'பெண்ணின் அப்பாவிடம் உள்ளதைச் சொன்னேன்.' தேதியும் எழுதியிருந்தேன். விரல் விட்டு எண்ணினேன். நான் அவன் கல்யாணத்தைக் கெடுத்த பதினோராம் நாள் அவன் என்னை எழுதியிருக்கிறான்.

"என் பேரை எதுக்குடா எழுதினே?" என்றேன். எப்படியெல்லாமோ அதட்டிக் கேட்கவேண்டும் என்று வைத்திருந்த கேள்வி, காற்றுப் போனது போல வந்தது.

"சம்பளத்துக்குக் கணக்கு தொடங்கினப்போ அந்த இடத்துல ஒருத்தர் பேரை எழுதியே ஆகணும்னாங்க. கட்டிக்கப் போறவ பேரை எழுதலாம்னு வெச்சிருந்தேன். அது இல்லைன்னு ஆயிடுச்சு." நூல் கட்டிய பேனாவை எடுத்தான். "வேற யாரை எழுதறது?"

"தேதிகூட மறக்கலையே."

"எப்படி மறக்கும்? வருஷா வருஷம் பச்சத்தண்ணி" என்று சொல்லிக்கொண்டே திருத்தத்தில் கையெழுத்துப் போட்டான்.

என் மடியிலிருந்த பை நழுவியது. பூட்டு தரையில் விழுந்து 'ணங்' என்று சத்தம் கேட்டது. வங்கியே திரும்பிப் பார்த்தது. அவன் குனிந்து எடுத்து, துணியை விலக்கிப் பார்த்தான்.

"இதை இன்னும் வெச்சிருக்கியா?"

"கீறல் இல்லடா" என்றேன்.

"இல்லதான். அறுபது சாவிதான் போடறான், பக்கத்து வீட்டுச் சாவியே திறக்கும்னு கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லுவியே அண்ணே. இது அந்தக் கம்பெனி பூட்டுதானே."

பூட்டின் முதுகில் அந்த முத்திரை இருந்தது. ஒன்பது வருடமாக லென்ஸை வைத்து உள்ளே பார்த்தேன். முதுகைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் சொன்னேன், என் வீட்டுக்கு அதைச் சேர்த்துக்கொள்ளத் தோன்றவில்லை. அம்மா கடைசியாகப் படுத்திருந்த நாட்களில் அக்கம்பக்கத்தில் எத்தனை பேர் அந்த அறைக்கு வந்து போனார்கள்? எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

"இதையே பார்த்துக்கிட்டு இருந்தே" என்றான் அவன். குரல் உயரவில்லை. "ஒரு தடவையாவது என்னைக் கேட்டியா?"

யோசித்துப் பார்த்தேன். பூட்டைச் சோதித்தேன். அவன் பெட்டியைச் சோதித்தேன். அவன் நண்பர்களை விசாரித்தேன். அடகுக்கடை ஒன்று விடாமல் போய் விசாரித்தேன். அவனைக் கேட்கவில்லை.

"எடுத்தியாடா?"

"இல்ல."

"சரி" என்றேன்.

அவ்வளவுதான். அவன் அத்தாட்சி ஒன்றும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. எடுத்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அழுதுவிடுவேன் போல இருந்தது. ஆனால் மூன்றாம் கவுன்ட்டரில் அழுதால் அதையும் எதிலாவது பதிந்து வைப்பார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

"சார், மணி நாலு நாப்பது" என்றார் அதிகாரி. "அஞ்சுக்குள்ள நம்பர் வேணும்னீங்களே. உங்க நாலாம் பக்கம் இன்னும் காலியா இருக்கு."

நாலாம் பக்கத்தின் தலைப்பு நாமினி. தம்பியின் பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் தம்பி என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

"பிறந்த தேதி எழுதுங்க சார்."

எனக்குத் தெரியாது.

பழக்கத்தில் கை நீல நோட்டுக்குப் போனது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை என் தேதிகள்தான் இருந்தன. அவனுக்கும் ஒரு நாள் அம்மா வெந்நீர் ஊற்றியிருப்பாள். அன்று நான் பச்சைத்தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் கடைக்குப் போயிருப்பேன். என்ன மாதம், மழைக்காலமா, வெயில் காலமா, எதுவும் நினைவில் இல்லை. அவனுடைய அட்டை மேஜைமேல் கிடந்தது. அதைப் பார்த்து எழுதிவிடலாம்தான். எங்கள் வீட்டில் அட்டையில் இருக்கும் தேதியை நம்ப முடியாது.

அவன் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பி, கண்ணாடிக் கதவு வரை போயிருந்தான். எழுந்து போனேன். பின்னால் அதிகாரி "சார், பேனா!" என்றார். பேனாவை விடாமல் எழுந்ததில் நூல் அறுந்து என் கையோடு வந்திருந்தது.

"டேய்."

திரும்பினான்.

"உன் பொறந்த நாள் என்னடா? அட்டையில இருக்கறது வேண்டாம். நிஜமானது."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். வாழ்நாள் முழுக்க நான் பிறத்தியாரைப் பார்த்த பார்வை.

"எதுக்கு?" என்றான்.

"எழுதறதுக்குடா" என்றேன். "வேற யாரை எழுதறது?"

கதவில் வைத்த கையை எடுத்தான். பிறகு என் காதருகே குனிந்து, யாருக்கும் கேட்காமல் தேதியைச் சொன்னான்.